பனிச் சாலையில் பெரிய எஸ்யூவி: டயர் பிடிப்பும் பிரேக்கும்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் பெரிய எஸ்யூவி பனியில் தயக்கமில்லாமல் கிளம்பும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சின்னக் கார் கிளம்பும்போதே சக்கரத்தைச் சுழலவிட்டு, சாலை எவ்வளவு வழுக்குகிறது என்று ஓட்டுபவருக்குச் சொல்லிவிடும். எஸ்யூவி சொல்லாது. வழக்கம்போல 60 கி.மீ. வேகத்துக்கு ஏறிவிட்டு, முதல் தடவை பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மையைக் காட்டும்.

பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் இருப்பதால் பிரேக் மிதித்து நிற்கும் தூரம் குறைவதில்லை. வண்டியை நிறுத்துவது ரப்பர் சாலையைத் தொடும் நான்கு இடங்கள். இரண்டரை டன் வண்டியானாலும் அந்த ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஒரு கை பதியும் அளவுதான். இந்த நான்கு கையளவு ரப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது, அதனிடம் எவ்வளவு கேட்பது என்பதே பனியில் பிரேக் பிடிக்கும் கலை.

தூரக் கணக்கு

டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண் உராய்வுக் கெழு. உலர்ந்த தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 0.8. அழுந்திக் கெட்டிப்பட்ட பனியில் 0.2 முதல் 0.3 வரை. பனிக்கட்டியில் 0.1 அளவில் இருக்கும், மேலே ஈரம் படிந்திருந்தால் அதற்கும் கீழே போகும். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த கணத்திலிருந்து உலர்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 40 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 100 மீட்டர் வரை போகும். ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு வினாடியில் ஓடும் 14 மீட்டர் இந்தக் கணக்கில் இல்லை.

வேகத்தைக் குறைப்பதன் பலனும் இதே கணக்கில் இருக்கிறது. வேகம் பாதியானால் நிற்கும் தூரம் கால்வாசியாகும். பனிக்கட்டியில் 50-லிருந்து 30-க்கு இறங்கினால் 100 மீட்டர் 35 மீட்டராகச் சுருங்குகிறது. பல லட்சம் செலவழித்து வாங்கும் எந்தக் கருவியும் இந்த அளவு தூரத்தைக் குறைத்துத் தராது.

கனமான வண்டி சாலையை அழுத்திப் பிடிக்கும், அதனால் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எடை கூடும்போது பிடிப்பு கூடுவது உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது, ஆகவே லாபம் எதுவும் இல்லை. உண்மையில் சிறு நஷ்டம்தான், ஏனென்றால் ரப்பரின் மேல் சுமை ஏறும் அதே விகிதத்தில் அதன் பிடிப்பு ஏறுவதில்லை. பின்னால் மணல் மூட்டை ஏற்றும் பழக்கம் காலியாக ஓடும் பின்சக்கர இழுவை பிக்கப்புக்குக் கிளம்ப உதவும். எஸ்யூவிக்கு அது வீண் சுமை. கூரைமேல் சாமான் கட்டுவது அதைவிட மோசம். உயரமான வண்டியை இன்னும் தலைக்கனமாக்கி, பக்கவாட்டில் சறுக்கிச் சாலையோரக் கல்லில் இடித்தால் கவிழும் வாய்ப்பைக் கூட்டும்.

இறக்கம்தான் பலர் கணக்கில் எடுக்காத விஷயம். 10 சதவீதச் சரிவு என்றால் உராய்வுக் கெழுவிலிருந்து ஏறத்தாழ 0.1-ஐக் கழித்துவிடலாம். அழுந்திய பனியில் 30 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் 14 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, அதே பனி மூடிய 10 சதவீத இறக்கத்தில் 24 மீட்டர் தேவை. பனிக்கட்டியாக இருந்தால் 0.1-லிருந்து 0.1 போக மிச்சம் பூஜ்யம். எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் வண்டி நிற்காது. அந்த மாதிரி இறக்கத்தின் உச்சியில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: இறங்காமல் வேறு வழியில் போவது.

டயர்

சாதாரணக் கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாது. குளிர்கால டயரின் கலவை உறைநிலைக்குக் கீழும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். இந்த வெட்டுகளும் அகன்ற பள்ளங்களும் பனியைக் கவ்வி வைத்துக்கொள்ளும். பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். ஓடும்போது டயரின் பள்ளங்களில் வெள்ளையாகப் பனி ஒட்டியிருப்பதைக் கண்டு அது வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். அப்படித்தான் அது வேலை செய்கிறது.

டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரங்கள் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். அழுந்திய பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்தக் குறி. எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்துகளுக்கு அந்த மதிப்பு இல்லை. பள்ளங்களின் அமைப்பை வைத்தே அதைப் பொறித்துவிட முடியும், பனியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எஸ்யூவிகளோடு வரும் பல டயர்களில் இந்த எழுத்துகள் மட்டும் இருக்கும், அதை நம்பிப் பனிக்குப் போகிறவர்கள் நிறைய. மலைக் குறியும் பனிக்கான சான்றுதான், பனிக்கட்டிக்கான சான்று அல்ல. ஐரோப்பிய டயர் லேபிளில் 2021 மே முதல் பனிக்கட்டிப் பிடிப்புக்கென்று தனிக் குறி இருக்கிறது. கட்டியாக உறையும் சாலைகளில் ஓட்டுபவர்கள் அதைத் தேட வேண்டும்.

குளிர்கால டயரிலேயே இரண்டு வகை. மாதக்கணக்கில் பனியும் கட்டியுமாகக் கிடக்கும் சாலைகளுக்கு வடதுருவத்தை ஒட்டிய நாடுகளுக்கான மிக மென்மையான வகை பொருந்தும். ஈரம், பாதி உருகிய சேற்றுப்பனி, இடையிடையே வெறும் தார் என்று மாறிமாறி வரும் இடங்களில் அந்த மென்மை தார்மேல் பிரேக் தூரத்தைக் கூட்டிவிடும், அங்கே சற்றுக் கெட்டியான வகையே நல்லது. உலோக ஆணி பதித்த டயர் உறைநிலையை ஒட்டிய ஈரக் கட்டியில் மற்றவற்றைவிடத் தெளிவாக முந்தும். பனியில்லாத தாரில் பின்தங்கும். அதற்கான அனுமதி நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்.

பெரிய எஸ்யூவியில் 20, 22 அங்குலச் சக்கரங்கள் அழகுக்காக வருகின்றன. குளிர்காலத்துக்கு ஓர் அளவோ இரண்டோ சிறிய சக்கரம், உயர்ந்த பக்கச் சுவர், சற்றுக் குறுகிய டயர் நல்லது. குறுகிய டயர் தளர்ந்த பனியையும் சேற்றுப்பனியையும் வெட்டிக்கொண்டு அடித்தளத்தைத் தொடும், அகன்ற டயர் அதன்மேல் மிதக்கும். மாற்றும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் புதிய சக்கரத்துக்குள் இடிக்காமல் அடங்க வேண்டும். டயரின் மொத்த விட்டம் பழைய அளவிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமானி பொய் சொல்லும். சுமைக் குறியீடு கையேடு சொல்வதற்குக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 116 என்றால் 1,250 கிலோ. சின்னக் காருக்கான டயர் அளவில் பொருந்தினாலும் சுமையில் தோற்றுப்போகும்.

நான்கையும் மாற்றுங்கள். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் பின்பக்கம் முந்திக்கொண்டு வந்து வண்டி சுழலும். பின்னால் மட்டும் போட்டால் திருப்பினாலும் திரும்பாமல் நேராகப் போகும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருப்பதும் முக்கியம். தேய்மானம் வேறுபட்டால் முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியலும் கிளட்சும் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

புதிய குளிர்கால டயரின் பள்ளம் 8, 9 மி.மீ. ஆழம் இருக்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கும், ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே போனதும் பனியில் பிடிப்பு வெகுவாக விழுந்துவிடும். வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் வயதான ரப்பர் மென்மையை இழந்திருக்கும்.

காற்றழுத்தம் குளிரில் தானாகவே குறையும். வெப்பநிலை 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. போகும். 20 டிகிரியில் இருக்கும் கொட்டகைக்குள் 35 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 10-இல் நின்றால் 30-தான் காட்டும். வண்டி வெளியே நின்று குளிர்ந்த பிறகு, ஓட்டுவதற்கு முன் அளந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். மணலில் ஓட்டக் காற்றை இறக்குவதுபோலப் பனிச் சாலையிலும் இறக்கும் யோசனை தவறு. கனமான வண்டியில் டயர் நடுவில் குழிந்து, பள்ளங்கள் மூடிக்கொண்டு, ஸ்டியரிங் தாமதமாக வேலை செய்யும்.

சங்கிலி போடுவதானால் எந்த அச்சில் போடுவது என்று கையேட்டில் பாருங்கள். சில எஸ்யூவிகளில் சக்கர வளைவுக்குள் இடம் போதாமல் பிரேக் குழாயில் உரசும். மாட்டிச் சில நூறு மீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வேகம் 50 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. வெறும் தார் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

பிரேக்கை முன்கூட்டித் தயார் செய்வது

உலர்ந்த சாலையில் தெரியாத சின்னக் குறை பனியில் பெரிதாகும். சாலையில் தூவும் உப்பு காலிப்பரின் நகரும் முளைகளை இறுகச் செய்யும். ஒரு பக்க முளை இறுகினால் அந்தச் சக்கரம் குறைவாகவோ தாமதமாகவோ பிடிக்கும், பிடிப்புள்ள தாரில் லேசான இழுப்பாகத் தெரிவது பனிக்கட்டியில் வண்டியை முழுசாகத் திருப்பிவிடும். குளிர்காலத்துக்கு முன் முளைகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான வெப்பம் தாங்கும் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடுகளில் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டால் நோய் தெரியும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் முளையோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, நீண்ட மலை இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான நடைமுறை.

உப்புத் தண்ணீர் தெறிக்கும் சாலையில் நெடுநேரம் பிரேக் தொடாமல் ஓட்டினால் டிஸ்க்கில் உப்புப் படலம் படியும், முதல் மிதி பலன் தராது. பின்னால் வண்டி இல்லாத நேரான இடத்தில் அவ்வப்போது மெல்ல மிதித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். பனியில் நின்ற வண்டி வேகம் ஏறியதும் ஸ்டியரிங் கடகடவென்று ஆடினால், அலைன்மென்ட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் சக்கரத்தின் உட்புறம் உறைந்திருக்கும் பனியைத் தட்டி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

மிதிக்கும் முறை

எந்தப் பனிப் பயணத்திலும் முதல் வேலை, எவரும் இல்லாத நேரான சமதளத்தில் 20, 25 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்துப் பார்ப்பது. வண்டி எங்கே நிற்கிறது, ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) எப்போது துடிக்கத் தொடங்குகிறது என்று அந்த ஒரு மிதி சொல்லிவிடும். சாலையின் தோற்றம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

சாதாரணமாக நிற்க வேண்டுமானால் வெகு முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு, மெல்ல, சீராக மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் துடிக்கத் தொடங்கினால் டயரிடம் இருந்ததை எல்லாம் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். அன்றாட நிறுத்தத்தில் அது அடிக்கடி துடிக்கிறது என்றால் அந்தச் சாலைக்கு உங்கள் வேகம் அதிகம்.

அவசரத்தில் முறை வேறு. ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடலை வலுவாக மிதித்து, வண்டி நிற்கும்வரை விடாமல் அழுத்தி வைத்திருங்கள். பெடல் காலடியில் அதிரும், கரகரவென்று சத்தம் வரும். பழுதாகிவிட்டது என்று பயந்து காலை எடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. காலை எடுத்து எடுத்து மிதிக்கும் பழைய பழக்கமும் வேண்டாம். அந்த வேலையை ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக, வினாடிக்குப் பல முறை செய்கிறது. சக்கரம் பூட்டாததால் ஸ்டியரிங் வேலை செய்யும். ஆகவே எதிரே உள்ள வண்டியின் பின்புறத்தைப் பார்க்காமல், தப்பிக்கும் இடைவெளியைப் பார்த்து அந்தப் பக்கம் சிறிதளவு திருப்புங்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் சக்கரம் பூட்டும் எல்லைவரை அழுத்தி, பூட்டியது தெரிந்ததும் சிறிது தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும்.

ஏபிஎஸ்ஸுக்கும் பலவீனங்கள் உண்டு. ஆழமான தளர்ந்த பனியில், பூட்டிய சக்கரம் தன் முன்னால் பனியைக் குவித்து அதை முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுழலவிடுவதால் அந்தக் குவியல் உருவாகாமல் நிற்கும் தூரம் நீளும். நடைவேகத்துக்கும் கீழே இறங்கியதும் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும், கடைசி மீட்டரில் சக்கரம் பூட்டுவது இயல்பு.

ஆட்டோமேட்டிக் எஸ்யூவியில் இன்னொரு விஷயம். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமலே அது சுழலும் ஐடிலிங் வேகம் அதிகம், கியர் டி-யில் இருந்தால் சக்கரங்களை அது தள்ளிக்கொண்டே இருக்கும். பனிக்கட்டியில் அந்தச் சிறு தள்ளலே பிரேக்கை வெல்லப் போதும். நிறுத்தக் கோட்டை நெருங்கும் கடைசிச் சில மீட்டரில் நியூட்ரலுக்கு மாற்றினால் வண்டி அமைதியாக நிற்கும்.

எஞ்சினால் வேகம் குறைப்பது

இறக்கம் தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள், ஒவ்வொரு படியாக. பாதி இறக்கத்தில் திடீரென்று இரண்டு கியர் குறைத்தால் சக்கரங்கள் சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் வழுக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில் அது ஓடும்போது ஹேண்ட் பிரேக் இழுத்ததற்குச் சமம், பின்பக்கம் விலகிவிடும். நான்கு சக்கர இழுவை பிரேக் தூரத்தில் உதவாவிட்டாலும் இந்த இடத்தில் மட்டும் நிஜமாகவே உதவும். எஞ்சினின் பிடி நான்கு டயருக்கும் பங்கிடப்படுவதால் எதுவும் எளிதில் எல்லை மீறாது. ஆகவே கைமுறை ஃபோர் வீல் உள்ள வண்டியில் இறங்கும் முன் 4 ஹை-க்கு (சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) மாற்றிவிடுங்கள். பனியில்லாத வெறும் தார் தொடர்ந்து வந்தால் திரும்ப எடுத்துவிட வேண்டும். முன் பின் அச்சுகள் பூட்டிய நிலையில் பிடிப்புள்ள சாலையில் திருப்பினால் கியர் அமைப்பு முறுக்கேறும்.

செங்குத்தான இறக்கத்தில், தானாகவே பிரேக் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோலை மிகக் குறைந்த வேகத்தில் வைப்பது நல்லது. மின்சார எஸ்யூவியில் ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் பலமாகப் பிடிக்கும். பனிக்கட்டியில் அந்தப் பிடிப்பைக் குறைந்த அளவுக்கு மாற்றிவிடுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் கூடவே கூடாது. பனி மூடிய ரேடாரும் கேமராவும் தானியங்கி பிரேக்கைச் செயலிழக்கச் செய்யும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவற்றைத் துடையுங்கள்.

வளைவும் சறுக்கலும்

டயருக்கு ஒரு அளவு பிடிப்புதான் உண்டு. பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. ஆகவே நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடித்து, காலை எடுத்துவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள்.

திருப்பியும் வண்டி நேராகப் போனால் முன் டயர்கள் வழுக்குகின்றன. இன்னும் அதிகமாகத் திருப்புவது எல்லோர் கையும் தானாகச் செய்வது, அது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கைச் சிறிது நேராக்குங்கள், பிடிப்பு திரும்பியதும் மறுபடி திருப்புங்கள். பின்பக்கம் விலகினால் ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல், போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராகத் தொடங்கிய உடனே ஸ்டியரிங்கையும் நேராக்க வேண்டும். உயரமான வண்டி மறுபக்கம் இன்னும் வேகமாக வீசப்படுவது இந்த இரண்டாவது அசைவில்தான். வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்காதீர்கள். ஆழமான பனியில் சிக்கி வெளியேறச் சக்கரம் சுழல வேண்டியிருக்கும்போது மட்டும் இழுவைக் கட்டுப்பாட்டை அணைத்து, வெளியே வந்ததும் போட்டுவிடுங்கள்.

எங்கே வழுக்கும்

பனிக்கட்டி மிக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில். மைனஸ் 15-இல் கட்டி உலர்ந்து ஓரளவு பிடிக்கும். பூஜ்யத்தில் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். வண்டியின் வெப்பமானி காட்டுவது காற்றின் சூடு. அது 3 டிகிரி காட்டும்போதே சாலை உறைந்திருக்கலாம். பாலங்கள் அடியிலும் குளிர்வதால் முதலில் உறையும். மரநிழல், மலைநிழல் விழும் வளைவுகள் நண்பகலிலும் உருகாது. சிக்னல் சந்திப்புகளில் நூற்றுக்கணக்கான டயர்கள் நின்று கிளம்பிப் பனியைப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கும். நிற்க வேண்டிய இடமே மிக வழுக்கும் இடமாகிவிடும்.

ஈரமாகத் தெரியும் சாலையில் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து நீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத உறைபடலம். ஸ்டியரிங் திடீரென்று லேசானாலும் டயரின் இரைச்சல் அடங்கினாலும் அதே அறிகுறி. முன்வண்டியோடு 8 முதல் 10 வினாடி இடைவெளி விடுங்கள். தேய்ந்து மின்னும் தடத்தில் பிரேக் பிடிப்பதைவிட, ஓர் அடி விலகி மிதிபடாத பனியில் டயரைப் போட்டால் பல நேரம் நன்றாகப் பிடிக்கும்.

நிறுத்தும்போது பிரேக் ஈரமாக இருந்தால், சமதளத்தில் பி-யிலோ கியரிலோ விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தோடு இழுத்த ஹேண்ட் பிரேக் இரவில் உறைந்து காலையில் விடாது. தானாகவே போட்டுக்கொள்ளும் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் அதைத் தற்காலிகமாக நிறுத்தும் வழி கையேட்டில் இருக்கும். உறைந்துபோனால் ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுக்காதீர்கள், பேடின் உராய்வுப் படலம் தகட்டிலிருந்து பிய்ந்து வரும். எஞ்சினை ஓடவிட்டு, முன்னும் பின்னும் மிக மெல்ல அசைத்துப் பாருங்கள். விடாவிட்டால் டிஸ்க்கையும் காலிப்பரையும் வெதுவெதுப்பான காற்றால் சூடாக்குங்கள். வெந்நீர் ஊற்ற வேண்டாம், சில நிமிடங்களில் அதுவும் உறைந்து இன்னும் இறுகப் பிடிக்கும்.